அத்தை மீசை வைத்த படம்

எங்கள் வீட்டில் முதலில் சினிமாவில் நடித்தவை மாடுகள்தான் என்று மாமா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமா என்றால் என் மாமனார், அத்தை என்றால் மாமியார். சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் இருக்கிறது. டிராக்டர் வந்து எத்தனையோ காலமாகியும் ஒரு ஜோடி காளையையும் ஒரு வண்டியையும் அவர் விடாமல் வைத்திருக்கிறார். உழுவதற்காக ஒன்றும் இல்லை, சும்மா கெத்துக்கு. அந்தக் காளைகளுக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவுகிற அக்கறையில் கால்வாசியை வீட்டு ஆட்கள்மேல் காட்டியிருந்தால், நானும் அத்தையும் இன்னும் கொஞ்சம் பளபளப்பாக இருந்திருப்போம்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்த சமயத்தில்தான் படக்காரர்கள் வந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கதை, சிரிப்புப் படம். ஊர் எல்லையில் சும்மா கிடந்த பழைய குடோன் ஒன்றை நாடகக் கொட்டகையாக மாற்றினார்கள். அந்தக் காலத்துச் சாலைக்கு மாட்டு வண்டிகள் தேவைப்பட்டன. டீக்கடையில் வந்து விசாரித்தபோது மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார். மாடு பேசி முடிந்ததும், கூட்டத்தில் நிற்க ஊர்ப் பெண்கள் கொஞ்சப் பேர் கிடைப்பார்களா என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

"மாடு எம்புட்டு வேணும்னாலும் பத்திட்டுப் போங்க. பொம்பளைகளக் கேக்காதீக. எங்க வீட்டுப் பொம்பளைக மூஞ்சிய ஊர் உலகம் பாக்க வேண்டாம்" என்றாராம் மாமா.

இதை அவரே வந்து, ஏதோ பெரிய வழக்கில் ஜெயித்தவர்போல எங்களிடம் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். காலையும் மாலையும் விஸ்வநத்தத்திலிருந்து நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறோம், வருகிறோம். அப்போதெல்லாம் எங்கள் மூஞ்சியை ஊர் உலகம் பார்க்கவில்லையா? சம்பளம் வருகிற மூஞ்சி என்றால் பரவாயில்லை போலிருக்கிறது. இதை நான் அடுப்படியில் பாத்திரத்தோடு சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன். அத்தை பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டொரு நாளில் அந்தப் படத்தில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, ஜீன்ஸும் தொப்பியுமாக, குழாயடிக்கே வந்துவிட்டாள். டைரக்டருக்கு உதவியாம். எங்களோடு கம்பெனியில் வெடிச் சரம் பின்னுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே குடத்தோடு நின்றிருந்தோம். அவள் கதையைச் சொன்னாள். ஒரு ஊரில் நாடகக் கொட்டகைக்குள் பெண்கள் வரக்கூடாது என்று தடை. வக்கீல் வீட்டு அம்மாளும் அவள் கூட்டாளிகளும் மீசை ஒட்டி, தலைப்பாகை கட்டி, வெளியூர்ப் பண்ணையார்கள் மாதிரி உள்ளே போய் உட்காருகிறார்கள். ஊர் ஆண்கள் அவர்களை விழுந்து விழுந்து உபசரிக்கிறார்கள். அந்த மீசைக் கூட்டத்தில் நிஜமான பெண்களே உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்று டைரக்டர் ஆசைப்படுகிறார்.

"பின்னாடி வரிசைதான்க்கா. மீசை, தலைப்பா எல்லாம் இருக்கும். முகமெல்லாம் தெரியவே தெரியாது" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை, "எந்த மாதிரி மீசை? முறுக்கலாமா?" என்று கேட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். மாமாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் தெரியுமா என்றேன். அது என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். மாமா அடிக்கிற ஆள் இல்லை, வைகிற ஆளும் இல்லை. கோபம் வந்தால் பேச மாட்டார். அவ்வளவுதான். ஒரு தடவை அவரைக் கேட்காமல் மருந்தடிக்கிற தெளிப்பானைப் பக்கத்துக் காட்டுக்காரருக்கு அத்தை கொடுத்துவிட்டாள் என்று, விதைப்பில் நிறுத்திய பேச்சை அறுப்பு வரைக்கும் எடுக்கவில்லை. அத்தைக்குச் சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்வார். "எனக்குப் பசிக்குதுன்னு சொல்லு" என்று காளையின் முதுகைத் தட்டுவார். ஊரே சிரித்தது. அத்தை மட்டும் அந்த மாதங்களில் பாதி ஆளாகிப் போனாள். அப்போதுதான் நான் கல்யாணமாகி வந்த புதிது. "வையட்டும், கத்தட்டும், தாங்கிக்கிடுவேன் தாயி. வீட்டுக்குள்ள ஒரு மனுசன் நம்மள இல்லாத ஆளு மாதிரி தாண்டிப் போறாரு பாரு, அதத் தாங்க முடியல" என்று என் மடியில் அழுதிருக்கிறாள்.

அதை நினைவுபடுத்தினேன்.

"தெரியும் புள்ள" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த மனுசன் மீசைய முறுக்கிக்கிட்டு, கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கறதப் பாத்துக்கிட்டே இருக்கேன். அதுல அப்படி என்னதான் சொகம் இருக்குன்னு ஒரு தடவ உக்காந்து பாக்கணும்."

 எனக்கும் அந்தச் சுகம் என்னவென்று தெரிய வேண்டியிருந்தது.

பொய் சொல்வது சிரமமாக இல்லை. பட்டாசுக்கு ஓய்வு என்றால் சிவகாசியில் காலண்டருக்கு சீசன். காலண்டர் கம்பெனியில் தாளின் தலையில் தகரப் பட்டை அடிக்க ஆள் கூப்பிடுகிறார்கள் என்றோம். படக்காரர்களும் எங்கள் வேனையே வாடகைக்குப் பேசியிருந்ததால், வழக்கமான வேன் வழக்கமான இடத்தில் வந்து நின்றது. லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் அப்போது லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். மாமா தன் மாடுகளைக் குளிப்பாட்டி ஷூட்டிங்குக்குப் பத்திக்கொண்டு போகிற அவசரத்தில் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடுகளை அவர்கள் சாத்தூர் ரோட்டுப் பக்கம் படம் பிடித்தார்கள், எங்களைக் குடோனுக்குள். நல்லவேளையாக இரண்டும் வேறு வேறு பக்கம்.

குடோன் வாசலுக்குப் போனதுமே முதல் கூத்து. உடைப் பிரிவில் ஒரு தம்பி எங்கள் எல்லோருக்கும் அந்தக் காலத்துத் தோல் செருப்பு தேடிப் பிடித்துக் கொண்டுவந்து மாட்டிவிட்டிருந்தான். நாங்கள் வரிசையாக வந்து, வாசலில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்விட்டோம். பட்டாசு ஷெட்டுக்குள் செருப்போடு போகிற வழக்கம் கிடையாது, கால் தானாகக் கழற்றிவிட்டது. அந்தத் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். மூன்றாவது தடவையாகக் கழற்றிய பிறகு, காலைக் காட்டாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று டைரக்டரே சொல்லிவிட்டார்.

மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒட்டுகிற பசை மேலுதட்டை இழுத்துப் பிடிக்கும். அரிக்கும், சிரிக்கவும் முடியாது. எனக்கு ஒட்டியது ஒரு பக்கமாகச் சாய்ந்து, கேடி மாதிரி இருந்தேன். அத்தைக்கு அது பிறந்ததிலிருந்து இருப்பதுபோல உட்கார்ந்துவிட்டது. வேட்டி, கோட்டு, பெரிய தலைப்பாகை. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முனையையும் முறுக்கினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் போட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"எப்படி இருக்கு அத்த?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இதுக்குத்தான் எந்திரிக்கவே மாட்டேங்கறாக."

நாங்கள் எல்லோரும் சிரித்ததில் இரண்டு பேருக்கு மீசை கழன்று விழுந்தது.

அன்றைக்கு எடுத்தது இந்தக் காட்சி. பெண்கள் வரக்கூடாது என்று தடை போட்ட ஊர்ப் பெரிய மனிதர், மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். திருவிழாவுக்காக வாங்கிய வெடிச் சரங்கள் அவர் பக்கத்தில் குவிந்து கிடக்கின்றன. அவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, பெண்களுக்கு ஏன் அறிவு குறைவு என்று பேச வேண்டும். பெரிய சிரிப்பு நடிகர் ஒருவர் அந்த வேடத்தில் இருந்தார். பின்வரிசையில் இடம் போதவில்லை என்று அத்தையை அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால்.

வெடிகள் பொய் வெடிகள். சிவப்புத் தாளுக்குள் மரத்தூள். காலையில் அதை எடுத்துப் பார்த்து, "சரம் பின்னத் தெரியாதவுக செஞ்சிருக்காக" என்று கேலி பண்ணியவளே அத்தைதான். எங்கள் எல்லோருக்கும் அது மரத்தூள் என்று தெரியும்.

நடிகர் தீக்குச்சியை உரசினார். உரசுகிற சத்தம் கேட்டது.

அப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் அங்கே இல்லை. எப்படி எழுந்தேன், எந்தக் கதவு வழியாக வந்தேன் என்று தெரியாது, வெளியே தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். என் பக்கத்தில் மீசை வைத்த மற்ற எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். கம்பெனியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது அதுதான். கையில் இருப்பதைப் போடு, பக்கத்துக் கதவில் ஓடு, திரும்பிப் பார்க்காதே. நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடாதவள் அத்தை ஒருத்திதான். அவள் தீக்குச்சிக்கு மிகவும் பக்கத்தில் இருந்தாள். அவள் ஓடியிருந்தால் பரவாயில்லை. பளார் என்று நடிகரின் கையில் ஒரு அடி. குச்சி பறந்து கீழே விழுந்தது. வெறுங்காலால் அதை மிதித்து அணைத்தாள். "ஏலே, அறிவிருக்காலே ஒனக்கு? மருந்துக்குப் பக்கத்துல தீய வைக்கிற!" என்று அந்தப் பெரிய நடிகரைப் பார்த்துக் கத்தினாள். அவர் நடிப்பில் நெடுநாள் பழுத்த ஆள். முகம் மாறாமல், சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, "மன்னிக்கணும் பண்ணையாரே" என்றிருக்கிறார். அப்புறம் திரும்பி, காலியாகக் கிடந்த கொட்டகையைப் பார்த்திருக்கிறார்.

டைரக்டர் விழுந்து புரண்டு சிரித்ததாக ஜீன்ஸ் பெண் சொன்னாள். இன்னொரு தடவை எடுக்கலாம் என்று முயற்சி செய்தார்கள். அத்தைக்குக் கை எழவே இல்லை. "அவுகள எப்படி அடிக்க?" என்று வெட்கப்பட்டாள். முதலில் எடுத்ததே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

"இத வெட்டிருவாகல்ல?" என்று வேனில் வரும்போது அத்தை கேட்டாள். நாங்கள் எல்லோரும் கட்டாயம் வெட்டிவிடுவார்கள் என்றோம்.

வெட்டவில்லை. அடுத்த சீசன் சூடு பிடித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் வேனில், காலையில் கம்பெனி கேட்டில் கொடுத்துவைத்த போனை வேலை முடிந்து திரும்ப வாங்கிய ஒருத்தி, அப்படியே அலறினாள். படத்தின் முன்னோட்டம் வந்திருந்தது. அந்தக் கை. அந்த மீசை. "மன்னிக்கணும் பண்ணையாரே." ஒரு நொடிதான், தலைப்பாகை பாதியை மறைத்திருந்தது, குரலுக்கு வேறு யாரோ ஒரு கட்டைக் குரல் ஆணைப் பேச வைத்திருந்தார்கள். ஆனாலும் எங்களுக்குத் தெரிந்தது. அத்தைக்கு முகத்தில் ஈ ஆடவில்லை. என்னுடைய தலைப்பாகை நுனிகூட எங்கேயும் வரவில்லை என்பதையும் நான் கவனித்தேன், அந்த வருத்தத்தைச் சொல்கிற நேரம் அது இல்லை.

நாங்கள் மாமா படம் பார்க்கப் போகாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டோம். அவர் தியேட்டர் பக்கம் போகிற ஆளே இல்லை. ஆனால் அவருடைய மாடுகள் நடித்திருக்கின்றனவே! படம் சிவகாசிக்கு வந்த முதல் ஞாயிறு, வேஷ்டியை நீலம் போட்டு வெளுத்துக் கட்டிக்கொண்டு, "கெளம்புங்க, குடும்பத்தோட போயிட்டு வந்துருவோம்" என்றார். அத்தை தலைவலி என்றாள். நான் வயிற்றுவலி என்றேன். "மாட்டப் பாத்தா எல்லாம் சரியாப் போகும்" என்றார்.

தியேட்டரில் பாதிக் கூட்டம் எங்கள் வேன் கூட்டம். எங்களைக் கண்டதும் அவர்களுக்குப் பேச்சு நின்றுபோனது. நாங்கள் உட்கார்ந்தோம். நடுவில் அத்தை, ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் நான். அவள் கை என் கையைப் பிடித்திருந்தது.

மாடுகள் வந்தன. ஒரு வண்டி திருப்பத்தில் திரும்பி மறைவதற்குள் மாமா எழுந்து நின்று, "எங்க மாடு! எங்க மாடு!" என்று கத்தி, பின்னாலிருந்தவர்களிடம் வசவு வாங்கினார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார். படமும் சிரிப்பாகவே போனது. மீசைக் கூட்டம் கொட்டகைக்குள் நுழைந்தபோது, அவர்களில் யார் ஆண், யார் பெண் என்று கண்டுபிடிக்கிற விளையாட்டில் தியேட்டரே இறங்கியது. மாமாவும் இறங்கினார். "அது பொம்பள. இது ஆம்பள" என்று விரலை நீட்டிக்கொண்டே வந்தார். அத்தைக்கு நேரே விரல் வந்தபோது, "இவன் அசல் ஆம்பள. உக்காந்திருக்கற தோரணையப் பாரு" என்றார்.

தீக்குச்சி. பளார். தியேட்டர் அதிர்ந்தது. நாங்கள் ஓடிப்போன காலி நாற்காலிகளைக் காட்டியபோது, சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும், ஒவ்வொருவனும் தன்னையே பார்த்துச் சிரித்தான். மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்போது திரையில் அத்தையின் முகம் பெரிதாக வந்தது. தீக்குச்சிக் கரி பட்ட உள்ளங்கையைத் துடைப்பதற்காக அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. முந்தானையைத் தேடியது. கோட்டைத் தடவியது, வேட்டியைத் தடவியது, எதுவும் கிடைக்காமல் விரித்தபடி நின்றது. அவ்வளவு நேரம் ஆண் என்று நினைத்திருந்த கூட்டம், "ஏ, இதுவும் பொம்பளடா!" என்று ஒரே குரலில் கத்தியது. முன்னைவிட இரண்டு மடங்கு சிரிப்பு.

மாமாவின் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. அந்தக் கையை அவர் தினமும் பார்க்கிறவர்.

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். அவர் எங்கள் பக்கம் திரும்பாமல் எழுந்து வெளியே போனார். அத்தை நேராகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போச்சு புள்ள" என்றாள். "இனி மாட்டுக்கிட்டத்தான் பேசுவாக."

நான் பின்னாலேயே போனேன். வெளியே எங்கள் ஊர் ஆட்கள் மாமாவைச் சூழ்ந்துகொண்டு மாட்டைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, அந்தத் தீக்குச்சியத் தட்டிவிட்ட பொம்பள யாரு? கை வீச்சப் பாத்தா நம்ம பக்கத்து ஆளு மாதிரி இருக்கே?" மாமா டீயை ஊதினார். "யாரு கண்டா" என்றார்.  என் மாமியாரை, ஒரு தியேட்டரையே குலுக்கிய மனுஷியை, யாரோ என்று சொல்லிவிட்டாரே என்று அவர்மேல் ஆத்திரமாக வந்தது. நான் உள்ளே வந்து அத்தையிடம் எதையும் சொல்லவில்லை.

படம் மறுபடி ஆரம்பித்த பிறகுதான் அவர் வந்து உட்கார்ந்தார். திரையில் அந்தப் பெண்கள் மேடையேறி, ஒவ்வொருத்தியாக மீசையைப் பிய்த்துக் கூட்டத்தைப் பார்த்து எறிந்துகொண்டிருந்தார்கள். தியேட்டர் முழுக்க விசில். எங்கள் வரிசையில் மட்டும் யாரும் அசையவில்லை. மாமா, திரையைப் பார்த்தபடியே, மெதுவாகக் கேட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

கேட்டது மாட்டிடம் இல்லை. அத்தையிடம். அவள் பிடித்திருந்த பிடியில் என் விரல்கள் வலித்தன.

"சொன்னா விட்டிருப்பீகளா?" என்றாள்.

மாமா பொய் சொல்லத் தெரியாதவர். யோசித்தார்.

"விட்டிருக்க மாட்டேன்."

திரையில் கடைசி மீசையும் பறந்தது. பின்னால் எங்கள் வேன்காரிகள் தங்களை மறந்து கை தட்டினார்கள்.

"அப்பச் சொல்லாமப் போனதுதான் சரி" என்றார் மாமா.